சீட்டில் எழுதாத பாதி: மருந்தைப் பற்றி டாக்டர் பேசுவது ஏன் முக்கியம்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னை மெடிக்கல் ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழுகிற வசனம் இது: "அண்ணே, காய்ச்சல், சளி, உடம்பு வலி. ரெண்டு வேளைக்கு ஒரு செட் கொடுங்க." கடைக்காரரும் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து ஒரு சின்னக் கவரில் போட்டுத் தருவார். ஒன்று பாராசிட்டமால். இன்னொன்று சளி மாத்திரை, பல நேரம் அதற்குள்ளும் பாராசிட்டமால் கலந்திருக்கும். கூடவே ஓர் ஆன்டிபயாடிக், இரண்டே இரண்டு. சில கடைகளில் ஸ்டீராய்டும் சேரும். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் முழுசாக இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. மறுநாள் காய்ச்சல் விட்டால் அது 'கைராசிக் கடை'. விடாவிட்டால்தான் டாக்டர்.

இதை வைத்து ஜனங்களுக்கு விவரம் போதாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். தனியார் கிளினிக் என்றால் ஃபீஸ், டெஸ்ட், மருந்து என்று பணம் கரைந்துவிடும். செட் மாத்திரை வாங்குகிறவர் தன் கணக்கில் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறார். அவர் வேறு மாதிரி நடக்க வேண்டுமென்றால் "அப்படிச் செய்யாதே" என்று மிரட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் முதலில் போய் நிற்கிற டாக்டர், அதாவது வார்டிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெருமுனை கிளினிக்கிலோ உட்கார்ந்திருப்பவர், மருந்தை எழுதுவதோடு நிற்காமல் அதைப் பற்றிப் பேசவும் வேண்டும். எப்போது மருந்து வேண்டும், எப்போது வேண்டாம், எப்படிச் சாப்பிடுவது, எப்போது நிறுத்துவது என்று நோயாளிக்குப் புரிய வைக்கிற இந்த வேலையைத்தான் 'நோயாளிக் கல்வி' என்கிறார்கள். பெயரைப் பார்த்துப் பெரிய வகுப்பு, வண்ணப் படம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற சின்னப் பேச்சுதான்.

அளவோடு என்றால் எந்த அளவு?

1985ல் கென்யாவின் நைரோபி நகரில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய நிபுணர் கூட்டத்தில் மருந்தை அளவோடு, முறையாகப் பயன்படுத்துவது என்றால் என்ன என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். நோய்க்கு ஏற்ற மருந்து, அந்த ஆளுக்கு ஏற்ற அளவு, போதுமான நாட்கள், அவருக்கும் ஊருக்கும் ஆகக் குறைந்த செலவு. இந்த நான்கும் கூடினால்தான் மருந்து சரியாகப் பயன்பட்டதாகக் கணக்கு. இன்றுவரை பெரும்பாலானவர்கள் எடுத்தாளுவது இந்த விளக்கத்தைத்தான்.

நான்கில் டாக்டர் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்யக்கூடியது முதல் இரண்டை மட்டும்தான். அதையும் சீட்டில் எழுதத்தான் முடியும். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் அந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா, அலமாரியில் இருக்கிறதா, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கைமாறியதா என்பதெல்லாம் அவர் கையில் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அளவோடு என்றதும் மருந்தைக் குறைத்துக்கொள்வது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சளிக்கு ஆன்டிபயாடிக் விழுங்குவது எவ்வளவு தவறோ, 'தலைசுற்றல்தான் இல்லையே' என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துவதும் அவ்வளவு தவறு. முன்னது வேண்டாத மருந்து, பின்னது வேண்டிய மருந்தை விடுவது. நம் ஊரில் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே ஆளிடம், இரண்டும் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 1994ல் மருந்து எழுதுவது எப்படி என்று மருத்துவ மாணவர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதில் ஆறு படிகள். சிகிச்சையைத் தொடங்குவது நான்காவது படி. தகவலும் எச்சரிக்கையும் சொல்வது ஐந்தாவது. மருந்து வேலை செய்கிறதா என்று திரும்பப் பார்ப்பது ஆறாவது. நம்மூர் கூட்டத்தில் நான்காம் படியிலேயே மணி அடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

முதலில் கேட்பது

நல்ல பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். வடசென்னையில் ஒரு சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பையன். இரண்டு நாளாக மூக்கு ஒழுகல், இருமல், லேசான காய்ச்சல். ஆனால் விளையாடுகிறான், தண்ணீர் குடிக்கிறான். அவன் அம்மா பையிலிருந்து போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

"இதையே திரும்பக் கொடுக்கலாமா டாக்டர்? போன தடவ இதுலதான் சரியாச்சு."

"இதெல்லாம் கொடுக்கவே கூடாதும்மா" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் தலையாட்டிவிட்டுப் போவார், வழியில் கடையில் இன்னொரு பாட்டில் வாங்குவார். விவரம் தெரிந்த டாக்டர் திருப்பிக் கேட்பார்.

"அப்படியா? போன தடவை ஆரம்பிச்சு எத்தனை நாள்ல சரியாச்சும்மா?"

"ஒரு நாலஞ்சு நாள் ஆச்சு."

"இப்ப உங்களுக்கு எதை நினைச்சு ரொம்பப் பயம்? காய்ச்சலா, இருமலா?"

"இருமல்தான் டாக்டர். நைட்டெல்லாம் தூங்கல. சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு, நிமோனியா ஆயிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க."

இப்போது விஷயம் வெளியே வந்துவிட்டது. அந்த அம்மா உண்மையில் கேட்பது ஆன்டிபயாடிக் அல்ல. நிமோனியா இல்லை என்ற உறுதி, அதோடு வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொல்ல ஒரு பதில். டாக்டர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்கிறார்: "மூச்சை ஒரு நிமிஷம் எண்ணினேன், இருபத்தெட்டு. இந்த வயசுல நாப்பதோ அதுக்கு மேலயோ போனாத்தான் கவலை. விலா உள்ளே இழுக்கல. நெஞ்சுல சத்தம் இல்ல. காது நல்லா இருக்கு." இது சாதாரண விஷயம் மாதிரித் தெரியலாம். ஆனால் மருந்து கேட்டு வந்தவருக்கு, தன் குழந்தையை ஒழுங்காகப் பார்த்தார்கள் என்ற நம்பிக்கையை இதைவிடச் சீக்கிரமாகக் கொடுக்கிற வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்புறம்தான் விளக்கம். "இது வைரஸ் சளிம்மா. இந்த மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும். எலிப்பொறி வச்சா கொசு மாட்டுமா? போன தடவையும் நாலஞ்சு நாள்ல தானாவே போயிருக்கும்."

'வேண்டாம்' என்று சொல்லி நிறுத்திவிட்டால் கைவிட்ட மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்ற இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு மருந்து. படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் (ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கு மட்டும்). காய்ச்சல் அனத்தினால் எடைக்கேற்ற பாராசிட்டமால். சளி, இருமல் சிரப் வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே போடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. 2025ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சுக் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதற்குப் பிறகு இந்த அறிவுரையைப் பெற்றோர் முன்பைவிடக் கவனமாகக் கேட்கக்கூடும்.

இன்னும் ஒன்று பாக்கி. எத்தனை நாள் இருக்கும் என்று சொல்வது. அமெரிக்காவில் 2013ல் வெளியான ஓர் ஆய்வில், இருமல் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும் என்று மக்கள் எதிர்பார்ப்பதும், உண்மையில் அது சராசரியாக 18 நாள் வரை நீடிப்பதும் தெரியவந்தது. இந்த இடைவெளியில்தான் வேண்டாத ஆன்டிபயாடிக் எல்லாம் நுழைகிறது. எட்டாம் நாளும் இருமினால் "போன டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று அடுத்த கிளினிக்குக்குப் போகிறோம். "ரெண்டு மூணு வாரம்கூட இழுக்கும், பயப்படாதீங்க. ஆனா மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, குடிக்க மாட்டேன்னு சோர்ந்து படுத்தாலோ, மூணு நாளுக்கு மேல காய்ச்சல் இருந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் பாதி குறையும்.

கடைசியில் ஒரு கேள்வி. "புரிஞ்சுதா?" என்பதல்ல அது. அதற்கு எல்லோரும் "புரிஞ்சுது டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் மாமியார் கேட்பாங்களே, என்ன சொல்லப் போறீங்க? நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பார்த்துக்கறேன்." அந்த அம்மா தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்போது எது போய்ச் சேர்ந்தது, எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். பரீட்சை வைப்பது போல் இல்லாமல், சொன்னவர் சரியாகச் சொன்னாரா என்று பார்ப்பது போல் கேட்பதில்தான் நயம் இருக்கிறது.

சில நாடுகளில் இன்னொரு உத்தியும் உண்டு. ஆன்டிபயாடிக் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, "இரண்டு மூன்று நாள் பாருங்கள், மோசமானால் மட்டும் வாங்குங்கள்" என்பார்கள். சளி, தொண்டைவலி போன்றவற்றில் இதை அலசிய 2017ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், உடனே சாப்பிடச் சொல்லிக் கொடுத்தவர்களில் 93 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் எடுத்தார்கள். காத்திருக்கச் சொன்னவர்களில் எடுத்தது 31 சதவீதம் மட்டுமே. சென்னைக்கு இது அப்படியே ஒத்துவருமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். சீட்டு கையில் இருந்தால் தெருமுனை தாண்டுவதற்குள் வாங்கிவிடுவோம். "புதன்கிழமை வந்து காட்டுங்க, அன்னைக்கு டோக்கன் வேண்டாம், நேரா உள்ளே வாங்க" என்பது இங்கே இன்னும் நன்றாக வேலை செய்யும்.

ஊசி விஷயமும் இதேதான். "ஊசி போட்டாத்தான் டாக்டர் கேக்கும்" என்று வருகிறவருக்கு வைட்டமின் ஊசி ஒன்றைப் போட்டு அனுப்புவது ஒரு நிமிட வேலை. ஏன் தேவையில்லை என்று சொல்வது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்கு யாரும் ஃபீஸ் தருவதில்லை என்பது பேச்சுக்கு வராத உண்மை.

ஆன்டிபயாடிக் பேச்சில் எதைச் சொல்வது?

மருந்துக்கு மசியாத கிருமிகள் விஷயத்தில் சென்னைக்குத் தனிக் கதை உண்டு. என்டிஎம்-1 என்பது, பெரிய ஆன்டிபயாடிக்குகளுக்கும் மசியாதபடி கிருமிகளை மாற்றிவிடுகிற ஒரு நொதி. 2010ல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அதைப் பற்றிய ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு செயல்திட்டம் வகுத்தன. அதற்குப் பெயரே 'சென்னைப் பிரகடனம்'. 2014 மார்ச்சில் ஹெச்1 அட்டவணை வந்தது. செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது அது. 2016ல், அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதீர்கள் என்று மத்திய அரசு பிரசாரம் தொடங்கியது.

இவ்வளவும் காய்ச்சலோடு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தின் கிருமிப் பிரச்சினை அவருக்கு அன்றைக்கு முக்கியமில்லை. "இது தேவையில்லாம சாப்பிட்டா வயித்தால போகும், சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், பலன் மட்டும் இருக்காது" என்றால் காதில் ஏறும். அட்டையைத் திருப்பி அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் காட்டினால் இன்னும் நல்லது. அடுத்த முறை கடையில் அவரே பார்ப்பார்.

மழைக்காலக் காய்ச்சலில் இதைவிட அவசரமான பேச்சு டெங்கு. டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து அதிகமாகும். பாராசிட்டமால் மட்டும்தான். அதற்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மாத்திரை என்றால் ஆறு, அதற்குமேல் இல்லை. ஒல்லியானவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் என்றால் இன்னும் குறைவு. செட் மாத்திரையில் சளி மாத்திரைக்குள் ஒளிந்திருக்கிற பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும். காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் டெங்குவில் ஆபத்து தொடங்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, இதில் எது வந்தாலும் காய்ச்சல் இல்லை என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது.

சேத்துப்பட்டு கற்றுத்தந்தது

நீண்ட நாள் மருந்தைப் பற்றி உலகமே பாடம் படித்த இடங்களில் ஒன்று நம் சேத்துப்பட்டு. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிற மையம் 1956ல் அங்கே தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், சத்தான சாப்பாடு, ஓய்வு, நல்ல காற்று இல்லாமல் குணமாகாது என்பதே நம்பிக்கை. நெருக்கடியான குடியிருப்புகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் சேர்த்தவர்களையும் இந்த மையம் ஒப்பிட்டது. 1959ல் முடிவு வெளியானது. வீட்டில் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த மதராஸ் ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டில் சாப்பிடுகிறார்களா என்று எப்படித் தெரியும்? ஆய்வாளர்கள் வீடுகளுக்குப் போனார்கள், மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். இருமல் குறைந்து உடம்பு தேறியதும் சிலர் நிறுத்திவிடுவது தெரியவந்தது. காசநோய் மாத்திரையை ஒருவர் பார்க்க விழுங்க வைக்கிற முறை பிற்பாடு வளர்ந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு வேர்.

உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுகிற நாளில்தான் மருந்து நிற்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தொடக்கத்திலிருந்தே தொந்தரவு தெரியாது. நீண்ட கால நோய்களுக்கு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் பணக்கார நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ல் சொன்னது. அதனால் டாக்டர் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்கக் கூடாது. அதற்கும் ஒரே பதில்தான் வரும். "எல்லாரும் நடுவுல ரெண்டு நாள் விட்டுடுவாங்க. உங்களுக்குப் போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்றால் உண்மை வரும்.

காபி, அமாவாசை, மஞ்சப்பை

சீட்டில் 1-0-1 என்று எழுதினால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய. ஆனால் அந்தக் காலைக்குள் என்னென்ன நடக்கிறது என்பது சீட்டுக்குத் தெரியாது. தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சாப்பிட வேண்டும். 'வெறும் வயித்துல' என்று சொன்னால் நம்மூரில் பலருக்குக் காபி அந்தக் கணக்கில் வராது! மாத்திரையைப் போட்ட கையோடு டம்ளரும் டபராவும் வந்துவிடும். காபி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். டெஸ்டில் அளவு சரியில்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டுவார், பிறகும் கூட்டுவார். "காபி எத்தனை மணிக்குக் குடிப்பீங்க?" என்ற ஒரே கேள்வியில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் காபி, டீ ஆகாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லாததால் மட்டும் அந்த மாத்திரையை நிறுத்திய கர்ப்பிணிகள் உண்டு.

விரதம் இன்னொன்று. அமாவாசை, வெள்ளி, சஷ்டி, ரமலான் நோன்பு என்று பட்டினி நாட்கள் நம் வீடுகளில் சகஜம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ வழக்கமான அளவு போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மளமளவென இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், சில நேரம் மயக்கம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. "விரதம் இருக்காதீங்க" என்று சொன்னால் பாட்டி அடுத்த முறை விரதத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். "எந்தெந்த நாள் விரதம் பாட்டி? அன்னைக்கு இந்த மாத்திரையை மட்டும் விட்டுடுங்க, படபடன்னு வந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சிடுங்க, சாமி கோச்சுக்க மாட்டார்" என்பதுதான் வேலைக்காகும். எந்த மாத்திரையை விடுவது, எதைக் குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது இரட்டை மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கிற மெட்ஃபார்மினில் மருந்தின் பெயர்தான் இருக்கும். தனியார் டாக்டர் எழுதியதில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். கலர் வேறு, அட்டை வேறு. இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சாப்பிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இதைப் பிடிக்க ஒரே வழி, வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுவரச் சொல்வது. எல்லாம் என்றால் எல்லாமும்: மூட்டுவலித் தைலம், நாட்டு மருந்துக் கடைச் சூரணம், மகள் துபாயிலிருந்து அனுப்பிய வைட்டமின், போன வருடத்துக் கண் சொட்டு மருந்து. மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக "இது எதுக்குச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் பல முடிச்சுகள் அவிழும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்குக் கால் வீங்கும். அதைப் புது நோய் என்று நினைத்து வேறொருவர் நீர் பிரிய மாத்திரை எழுதியிருப்பார். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், அதற்கு இருமல் சிரப் வாங்கியிருப்பார்கள். மருந்தின் விளைவுக்கு மருந்து, அதன் விளைவுக்கு இன்னொன்று. பையோடு வந்தவர் சில நேரம் இரண்டு மூன்று அட்டைகள் குறைந்து திரும்புவார். செலவு குறைவது என்று நைரோபியில் சொன்னது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

குழந்தைகளுக்கான சிரப்பில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொன்னால் போதும்: வீட்டு ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வருகிற மூடியோ சிரிஞ்சோதான். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டும் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். போன தடவை சொன்ன அளவை வேறு பாட்டிலில் ஊற்றினால் கணக்கு இரண்டு மடங்காகவும் போகும், நாலு மடங்காகவும் போகும்.

நேரத்துக்கு எங்கே போவது?

இதையெல்லாம் கேட்டால் எந்த டாக்டரும் சிரிப்பார். 2017ல் 67 நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஆரம்ப நிலை டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், பங்களாதேஷில் 48 விநாடி என்று வந்தது. இந்தியாவுக்கு வந்த எண் சுமார் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் பத்து அறிவுரை சொன்னால் ஒன்றுகூட வீடு வரை போகாது. இந்த மருந்து எதற்கு, எப்படி, எது நடந்தால் திரும்பி வர வேண்டும், இந்த மூன்றை மட்டும் சொல்வது உருப்படியானது. மீதி அடுத்த முறைக்கு. ஒரே டாக்டரிடம் திரும்பத் திரும்பப் போவதன் லாபமும் இதுதான், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எல்லாவற்றையும் டாக்டரே சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிற பெண் தன்னார்வலருக்கு, டாக்டருக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. போன மாத அட்டையில் எத்தனை மிச்சம் என்பதை அவர் அலமாரியிலேயே பார்த்துவிடலாம். இன்சுலின் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறதா, ஃபிரீசரில் உறைந்து கிடக்கிறதா என்பதும் அவர் கண்ணில் படும். சுகாதார நிலைய மருந்தாளுநர் காகிதக் கவரில் மாத்திரையைப் போடும்போது சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தால், எழுத்துப் படிக்காதவருக்கும் வேளை புரியும். விலைக்குப் பயந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களையும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களையும் காட்டிவிடுவது, எந்த உபதேசத்தையும்விடப் பயனுள்ள கல்வி.

டாக்டர் பேசாவிட்டால் நாம் கேட்கலாம். "இது எதுக்கு டாக்டர்?", "எத்தனை நாளைக்கு?", "இது இல்லாமலே சரியாகுமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்க மட்டும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பல டாக்டர்களுக்கு அது உள்ளூர நிம்மதியாகவே இருக்கும், மருந்து எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அவரும் பயந்துகொண்டுதான் இருக்கிறார். கேட்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டால் 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மருந்து சாப்பிட்டு ஏதாவது ஒவ்வாமையோ பக்கவிளைவோ வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே நேரடியாகப் பதிவு செய்யலாம். அப்படிக் கூப்பிடும்போது மருந்தின் பெயர், அட்டையில் இருக்கிற பேட்ச் நம்பர் எல்லாம் கேட்பார்கள், அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.